இடப்பக்கத்து விளக்கு

2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. முந்தைய நாள் மாலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கிய மழை இரவு பத்து மணியளவில் ஓய்ந்திருந்தது. காலை எட்டு மணிக்கு வானம் சாம்பல் பூசிய பாத்திரம்போல் மூடிக் கிடந்தது. தூறல் இல்லை, காற்று இல்லை, வெயில் வருமென்ற நம்பிக்கையும் இல்லை. கோயம்புத்தூர் கணபதியில், பட்டறைகளுக்கு நடுவே அமைந்த ஒரு வீதியின் கடைசி வீட்டில், திருமூர்த்தி தம் வெள்ளைக் காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சாவியைப் பாதி திருப்பி, இடப்பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டார். டிக், டிக் என்று நிதானமாக அடிக்க வேண்டிய அது டிகுடிகுடிகு என்று அடித்துக்கொண்டது.

காது ஏமாற்றலாம், கைக்கடிகாரம் ஏமாற்றாது. அவர் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எண்ணினார். வலப்பக்கம், கால் நிமிடத்தில் இருபத்தொன்று. இடப்பக்கம், நாற்பத்திரண்டு. சரியாக இரண்டு மடங்கு. மறுபடியும் எண்ணினார், மறுபடியும் நாற்பத்திரண்டு. பம்புசெட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் தர ஆய்வாளராக இருந்தவருக்கு, ஒரு குற்றம் இரண்டு தடவை ஒரே அளவில் வந்தால் அது குற்றமேதான், கண்மயக்கம் அல்ல என்பது தெரியும். அதன் காரணமும் தெரியும். வண்டியோடு வந்த கையேட்டில் படம் போட்டே விளக்கியிருக்கிறார்கள்: ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு விளக்கு, இரண்டில் ஒன்று அணைந்துபோனால் மற்றது இரட்டை வேகத்தில் துடிக்கும், ஓட்டுகிறவன் உள்ளேயிருந்து விளக்கைப் பார்க்க முடியாதென்பதால் அவன் காதுக்குச் சொல்வதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே ஒன்று போய்விட்டது. முன்னாலா, பின்னாலா? வண்டியை எப்போதும் பின்னோக்கியே கொண்டுவந்து சுவரோரம் நிறுத்துவது அவர் வழக்கம். முன்பக்கம் வாசலைப் பார்த்து நிற்கிறது. இறங்கி நான்கடி நடந்து எதிரே நின்றால் தெரிந்துவிடும். கதவின் கைப்பிடியில் கை வைத்தார். கை அங்கேயே இருந்தது. பின்னாலுள்ளதாக இருக்க முடியாது. பின்பக்கத்து இடது விளக்கை ஆயுத பூசைக்காக ஞாயிற்றுக்கிழமை அவரே கழற்றி, உள்ளே கோத்திருந்த நீர்முத்துகளைத் துடைத்து, பல்பைத் தனியே எடுத்துப் பளிச்சென்று ஆக்கி, பூசை முடிந்து நேற்றுக் காலையில் தம் கையாலேயே பொருத்தியிருந்தார். அவர் கை பட்டதில் குற்றம் இருக்க வழியில்லை. அப்படியானால் முன்னால்தான். முன்னால், இடது மூலையில். நேற்று ‘தொப்’ என்று சத்தம் கேட்ட அதே மூலையில்.

தொப். தகரத்தில் தகரம் பட்டால் வருகிற சத்தம் அல்ல அது. கல்லின் சத்தமும் அல்ல. கனமான, ஈரமான, உள்ளுக்குள் ஏதோ இருக்கிற ஒன்றின் சத்தம். நேற்று மாலை ஆறேகால் இருக்கும். நண்பர் கருப்பண்ணனின் லேத் பட்டறையில் விசயதசமிப் பொரி வாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மழை கண்ணாடியில் வாளி வாளியாக விழுந்தது. துடைப்பான் ஒரு பக்கம் வழித்தால் மறுபக்கம் நிரம்பியது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விட்டபாடில்லை. மில் சுவர் வளைவில், இடப்பக்கம், தொப். வண்டி சற்றே ஏறி இறங்கியது. ஏறியதா? ஏறியதென்றுதான் இப்போது தோன்றுகிறது. நேற்று அப்படித் தோன்றியதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கணமே “பூசணிக்காய்” என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். வண்டிக்குள் கேட்பதற்கு யாரும் இல்லை, ஆனாலும் சொன்னார். பட்டறைக்குப் பட்டறை திருஷ்டி கழித்து, துளையிட்டுக் குங்குமம் நிரப்பிய பூசணிக்காயை நடுவீதியில் போட்டுடைக்கிற ஊர் இது. ஆயுத பூசை முடிந்து இரண்டு நாளைக்கு எந்தச் சாலையிலும் சக்கரம் எதன்மேலாவது ஏறாமல் வீடு திரும்ப முடியாது. ஆகவே பூசணிக்காய். வீட்டில் வந்து இறங்கியபோது வண்டியின் இடது முன்மூலையில் செந்நிறம் மழைநீரோடு வழிந்துகொண்டிருந்தது. குங்குமம். வண்டிக்கு அவரே வைத்த பொட்டாகவும் இருக்கலாம், காயிலிருந்து தெறித்ததாகவும் இருக்கலாம். பழைய வேட்டித் துணியால் அதைத் துடைத்தார். விளக்கின் கண்ணாடி உடையவில்லை. துடைத்த கைக்கு அது தெரியும். உள்ளே போய்ப் பொரியில் தேங்காய்ச்சில் கலந்து சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார். நன்றாகத் தூங்கினேனே என்பதுதான் இப்போது அவருக்குத் திகிலாக இருந்தது. ஏனென்றால் பூசணிக்காய் தரையில் கிடப்பது. விளக்கோ தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. தரையில் கிடந்த காய் இரண்டடி எழும்பி வந்து விளக்கை அணைக்காது. மேலே கண்ணாடி நலமாக இருக்க, உள்ளே பல்பின் இழை அதிர்ந்து அறுந்துபோக வேண்டுமென்றால், நிற்கிற ஒன்று மோதியிருக்க வேண்டும். அல்லது நடக்கிற ஒன்று. அல்லது இரண்டு சக்கரத்தில் போகிற ஒன்று. இந்த மூன்றாவதை ஏன் நினைத்தோம் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்ப்புறத்தில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிற மயில்சாமி, மடித்த துணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“ஏனுங்ணா, வண்டி எடுக்கறீங்களா? என்ர தள்ளுவண்டிய நகத்தோணுமா?”

“வேண்டாம் மயிலு, இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரமாகும்.”

“தூரமாப் போறீங்களா?”

“அன்னூருக்கு. கொழுந்தியா ஊட்டுக்கு.”

“பாத்துப் போங்ணா. நேத்து மில்லு வளைவுல நம்ம வாட்ச்மேன் மாறப்பனை எதோ காரு அடிச்சுப் போட்டு நிக்காமயே போயிருச்சாமே, தெரியுமுங்களா?”

திருமூர்த்தி விளக்கை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் அடித்தது. “எப்போ?” என்று கேட்டார்.

“சாயங்காலமுங்க, மழை புடிச்சு ஊத்தறப்ப. சைக்கிள்ல டூட்டிக்குப் போயிட்டிருந்திருக்காப்ல. தோள்பட்ட போச்சுங்கறாங்க. பெரியாஸ்பத்திரில படுத்திருக்காப்ல.”

“என்ன காரு?”

“வெள்ளக் காருன்னு டீக்கடைல பேசிக்கிட்டாங்க. கோயமுத்தூருல பாதிக் காரு வெள்ளதானுங்களே, அதுல எதைன்னு போயிப் புடிக்கறது?” மயில்சாமி துணிகளைத் திண்டின்மேல் வைத்துவிட்டுச் சிரித்தார். “ஏன், உங்குளுதும் வெள்ளதான். எதுக்கும் நாலு நாளைக்கு உள்ளயே நிறுத்தி வெய்யுங்.”

சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டார். திருமூர்த்தியும் சிரித்திருக்க வேண்டும். முகத்தில் தசை இழுத்துக்கொண்டதை உணர்ந்தார். மாறப்பன். அந்த மனிதரைத் தெரியும். சிப்பம் கட்டும் கம்பெனியில் காவல் வேலை; மாலை ஆறு மணிக்கு மேல் இதே வீதி வழியாகத்தான் போவார்; ஒரு கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோய் வணக்கம் வைப்பார்; மற்றக் கை சைக்கிளைவிட்டு அகலாது. அந்தச் சைக்கிளுக்குப் பின்னால், வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்புச் சில்லு கிடையாது. ஒரு தரம் இவரே நிறுத்தி, ஒரு சிவப்பு ஸ்டிக்கராவது ஒட்டச் சொல்லியிருக்கிறார். “ஒட்டிக்கலாமுங்க” என்று போனவர் ஒட்டவே இல்லை. ஒட்டியிருந்தால் மழையிலும் தெரிந்திருக்கும். ஒட்டாதது அவர் தவறுதானே? இந்த எண்ணம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தயாராக வந்து நின்றது என்பதைக் கண்டு திருமூர்த்தி கூசிப்போனார். இன்னும் விளக்கைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் படுத்திருக்கிறவன் மேல் பழி தேடுகிறது மனம். நிற்காமல் போனவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். 1971இல் அவிநாசி சாலையில் அண்ணன் சென்னியப்பனின் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போனவனும் இப்படித்தான் நினைத்திருப்பான். வெயிலில் ஒன்றரை மணி நேரம் கிடந்தார் அண்ணன். கால் ஒன்றரை அங்குலம் குறுகிப்போயிற்று. மில் வேலையும் போயிற்று. விளக்கு வைக்கிற வேளையில் அம்மா தினமும் சொல்வாள், “நிக்காமப் போனவன் கையி வெளங்காமப் போகோணும்.” அவளுக்கு அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, கை மட்டும் தெரியும், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை. பதினெட்டு வயதில் திருமூர்த்தியும் அதைக் கேட்டு மனத்துக்குள் ஆமோதித்திருக்கிறார். பிறகு கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக எங்கே விபத்துப் பேச்சு வந்தாலும், “அடிச்சதைக்கூட மன்னிச்சரலாம், நிக்காமப் போனதைத்தான் மன்னிக்க முடியாது” என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். கல்யாண வீட்டில், ரயிலில், தொழிற்சாலைக் கேண்டீனில். அந்தத் தீர்ப்பு இத்தனை வருடமும் யாரையோ தேடி அலைந்துகொண்டிருந்து, நேற்று மாலை ஆறேகாலுக்கு மழையில் நனைந்து வந்து வண்டியில் ஏறிக்கொண்டதுபோல் இருந்தது. அவர் தம் இரண்டு கைகளையும் பார்த்தார். வலக்கைச் சுட்டுவிரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அம்மா போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சாபத்துக்கு வயது உண்டா என்பது தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தால் போதும். தொப் என்ற சத்தத்துக்கு முன்பே விளக்கு வேகமாக அடித்துக்கொண்டிருந்ததா? முன்பே அடித்தது என்றால் தொப்புக்கும் விளக்குக்கும் சம்பந்தம் இல்லை. பூசணிக்காய் மறுபடி பூசணிக்காயாகிவிடும். போகும்போது இரண்டு திருப்பம், இரண்டுமே வலது. ஆகவே போனதில் சாட்சி இல்லை. புறப்படுவதற்கு முன் எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்க்கிற வழக்கம் உண்டு. நேற்று மட்டும் அதைச் செய்யவில்லை, கருப்பண்ணன் இரண்டு தரம் போன் செய்து பொரி நமுத்துப்போகிறதென்று அவசரப்படுத்தினார். காலையில்தானே எல்லாம் பொருத்தினோம் என்ற தைரியமும் இருந்தது. ஆனால் திரும்பும்போது, பட்டறை வாசலிலிருந்து சாலைக்கு ஏறுவது இடது திருப்பம். அங்கே விளக்குப் போட்டிருப்பார். ஆளில்லாத வீதியிலும் விளக்குப் போடாமல் திரும்புகிறவர் அல்லர் அவர். போட்டிருந்தால் சத்தம் வந்திருக்க வேண்டும். எந்த வேகத்தில்? கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசலுக்குப் போனார். தகரக் கூரையில் மழை தாரை தாரையாக இறங்குகிறது. கருப்பண்ணன் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டுகிறார்; “பையைக் கட்டிக்குங்க, நனையப் போகுது” என்கிறார். இவர் தலையாட்டுகிறார். கை விளக்குக் கம்பியைத் தள்ளுகிறது. டிகுடிகுடிகு. ஆம், அடித்தது! இல்லை, அது இப்போது காதில் நிற்கிற சத்தம். அதை எடுத்துக்கொண்டுபோய் நேற்றில் ஒட்டுகிறேன். மறுபடியும் போனார். கூரை, சாக்கு, கண்ணாடியில் தட்டு, தலையாட்டல். டிக், டிக். இதுவும் கேட்கிறது. எதைக் கேட்க வேண்டுமென்று போகிறாரோ அது கேட்கிறது. ஆய்வாளன் விரும்புகிற அளவு வந்தால் அந்த அளவை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். மைக்ரோமீட்டரை இறுக்கிப் பிடித்தால் எந்த உருளையும் சரியான உருளைதான். நான்காவது முறை போனபோது கருப்பண்ணனின் முகம்கூட மங்கிப்போய், சாக்கு மட்டும் நின்றது. சரி, வேறு சோதனை. விளக்கை மறுபடி போட்டுவிட்டு நடுக்கண்ணாடியில் பார்த்தார். பின்பக்கத்து விளக்கு எரிந்தால் அதன் நிறம் பின்சுவரில் விழ வேண்டும். ஆனால் பின்சுவருக்குப் போன தீபாவளியில் மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். மூட்டமான வெளிச்சத்தில் மஞ்சளின்மேல் மஞ்சள் விழுகிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. விழுகிறது என்று நினைத்தால் விழுந்தது. அப்படியானால் முன்விளக்குத்தான் செத்திருக்கிறது. விழவில்லை என்று நினைத்தால் விழவில்லை. முன்விளக்கு அணைந்திருந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. பார்த்த பிறகு முடிவு செய்தால் மனம் பேரம் பேசும். அணைந்திருந்தால் துணியை மாற்றிக்கொள்ளாமல் நேராகக் காவல் நிலையம். ஓசூரில் இருக்கிற மகனுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். குங்குமத்தை ஏன் துடைத்தீர்கள் என்று கேட்பார்கள். ஏன் துடைத்தேன்? அழுக்காக இருந்தது என்று துடைத்தேன். வேறு எந்த அழுக்கை அன்றைக்கே, மழையில் நின்று துடைத்திருக்கிறீர்கள்? எல்லா அழுக்கையும்தான். ஆனாலும் இந்தப் பதில் கேட்பவர் காதில் எப்படி ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த வேட்டித் துணி எங்கே? சாந்தாமணி துவைத்திருப்பாள். துவைத்திருந்தால் அதுவும் சாட்சியை அழித்த கணக்கில் சேர்ந்துவிடும். முடிவு செய்தாயிற்று. இனி இறங்க வேண்டியதுதான். அவர் இறங்கவில்லை. விளக்கு அடித்துக்கொண்டே இருந்தது. தம் நாடியும் அதே வேகத்தில் அடிக்கிறதா என்று மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தார். அது எண்பத்தெட்டு, விளக்கின் வேகத்தில் பாதிக்குச் சற்றே மேல், என்று கணக்குப் போட்டபோது, மனம் இந்த நிலையிலும் கணக்குப் போடுகிறதே என்று அதன்மேல் வெறுப்பு வந்தது.

“ஏனுங்க! அரை மணி நேரமா டிகுடிகுன்னு என்ன பண்ணீட்டிருக்கறீங்க? பேட்டரி எறங்கிப் போகாதா?”

சாந்தாமணி அன்னூருக்குப் புறப்பட்ட கோலத்தில், அரக்குப் புடவையும் கையில் தேங்காய்ப் பையுமாக நடையில் நின்றிருந்தாள். நாற்பது வருடத்துக் குரல். அதைக் கேட்டதும், தனியாக இறங்க முடியாத காரியத்துக்கு வழி இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

“சாந்தா, வண்டிக்கு முன்னால போயி நில்லு.”

“எதுக்கு? பூசைதான் முடிஞ்சுதே, இன்னொருக்காச் சுத்திப் போடோணுமா?”

“நில்லுன்னா நில்லு. உனக்கு வலது கைப் பக்கம் இருக்கற விளக்கு எரியுதா இல்லையான்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேச வேண்டாம்.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே பையை வைத்துவிட்டு வந்தாள். திருமூர்த்தி கண்களை மூடிக்கொண்டார். அவள் செருப்புச் சத்தம் வண்டியின் முன்னால் போய் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார், பதினொன்றுவரை எண்ணினார். ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்? எரியவில்லை என்றால் உடனே சொல்லிவிடலாம். எரிந்தாலும் உடனே சொல்லிவிடலாம். பதினான்கு எண்ணுகிறவரை யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?

“சாந்தா!”

“இருங்க, என்ர கண்ணாடி உள்ள இருக்குது, குனிஞ்சு பாக்கறேன்... மின்னுதுங்க. நல்லாத்தான் மின்னுது. எதுக்கு இத்தன அவசரம் அதுக்கு? வயித்தால போற ஆளாட்டம்!”

“எந்தப் பக்கம்?”

“நீங்க சொன்ன பக்கந்தான்.”

“அதும் மேல கைய வெய்யி.”

“வெச்சுட்டேன். சுடலை. இப்ப என்னங்கறீங்க?”

அவர் இறங்கினார். சாந்தாமணி குனிந்து நின்றிருந்தாள். அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது. ஒவ்வொரு முறை எரியும்போதும் விரல் இடுக்குகள் செம்மஞ்சளாகச் சிவந்தன, வளையல்களின் கீழ்விளிம்பும் சிவந்தது. முன்விளக்கு. இடது மூலை. உயிரோடு இருக்கிறது. எந்த நிற்கிற பொருளும், எந்த மனிதனும் அதன்மேல் மோதவில்லை. திருமூர்த்தி பெருமூச்சு விட்டார். விட்டபிறகுதான் மயில்சாமி போனதிலிருந்து சரியாக மூச்சே விடவில்லை என்பது தெரிந்தது. மழை கழுவிய முருங்கை இலைகளின் வாசனை, எதிர்ப்புறத்து இஸ்திரிப் பெட்டியின் கரி வாசனை, சாந்தாமணி தலையில் வைத்திருந்த கனகாம்பரத்துக்கு அடியிலிருந்து வந்த எண்ணெய் வாசனை எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் மோதின. எட்டு மணியிலிருந்து இவை எல்லாம் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவர் வண்டியை மூன்றடி முன்னால் நகர்த்தி, பின்னால் போய்ப் பார்த்தார். பின்விளக்குத்தான் இருண்டு கிடந்தது. தம் கை பட்ட விளக்கு. அவமானப்பட வேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றி, பல்பை அமுக்கித் திருப்பி வெளியே எடுத்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, இழை அறவில்லை. தலைகீழாகத் திருப்பினார். பித்தளை அடிப்பாகத்தின் நடுவில், மின்சாரம் உள்ளே போவதற்கென்று ஈயத்தில் குண்டூசித் தலையளவு ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டின்மேல், காய்ந்து இறுகிய சந்தனம். சந்தனத்தின் நடுவில் துளிக் குங்குமம்.

“இதை ஆரு வெச்சது?”

“நாந்தான். ஏன்? தட்டத்துல எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு, ஒண்ணு விடாமப் பொட்டு வெய்யின்னீங்க. பல்புக் கண்ணாடில வெக்கப் போனா, சூட்டுல வெடிச்சுப் போகும், கண்ணாடில வெக்காதேன்னு கத்தினீங்க. அதுதான் கவுத்து அடியில வெச்சேன். பொட்டு வெக்கறதுக்குன்னே அங்க ஒரு எடம் இருந்துச்சு.”

அவள்மேல் குறை இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பாகத்தைக்கூட அடியும் நுனியும் பார்க்காமல் பொருத்தியதில்லை அவர். நேற்றுக் காலையில் மட்டும், சரசுவதியின் முன்னாலிருந்து எடுத்த பல்பைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, தெய்வ சந்நிதியிலிருந்து வந்ததைப் புரட்டிப் பார்ப்பது மரியாதை அல்ல என்று அப்படியே செருகிவிட்டார். சந்தனத்தின் வழியாக மின்சாரம் போகாது. எவ்வளவு எளிய விஷயம். எவ்வளவு எளிய விஷயத்துக்கு எத்தனை பெரிய நீதிமன்றம் கூடிக் கலைந்தது! கட்டைவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டினார். விரலில் ஒட்டிய பொடியைக் கீழே உதற மனம் வராமல் நெற்றியில் இட்டுக்கொண்டார். பல்பை மாட்டி விளக்கைப் போட்டதும் டிக், டிக் என்று நிதானமாக அடித்தது. கால் நிமிடத்துக்கு இருபத்தொன்று. சாந்தாமணி தேங்காய்ப் பையை எடுத்துக்கொண்டு, “போலாமுங்களா?” என்றாள். போகலாம் என்றுதான் சொல்ல வந்தார். விளக்கு அவரை விடுதலை செய்துவிட்டது. ஆனால் விளக்கு பேசியது விளக்கைப் பற்றி மட்டுமே. ஒரு சாட்சி விலகியதால் வழக்கு விலகாது. தொப் என்ற சத்தம் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, மில் சுவர் வளைவில், மழையில். சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாழ்வாக, விளக்கின் கண்ணாடிக்குக் கீழே தட்டியிருக்கலாமே? சற்றுமுன் இருந்த பயத்தில் இப்போது கால்வாசிகூட இல்லை. இருந்தாலும் அந்தக் கால்வாசியோடு அன்னூருக்குப் போய்ப் பணியாரம் சாப்பிட முடியாது.

“அன்னூருக்கு நாளைக்குப் போலாம். நான் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வாரேன்” என்றார். ஏனென்று அவள் கேட்டாள். சொன்னார். சாந்தாமணி குனிந்து வண்டியின் இடது மூலையைத் தடவிப் பார்த்தாள்.

“நானும் வாரேன். வெறுங்கையோட போகாம இந்தத் தேங்காயக் குடுத்துக்கலாம்” என்றாள்.

பிறகு நடந்தது இது. அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் மாறப்பன் இடது தோளில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எந்த வண்டி மோதியது என்று திருமூர்த்தி கேட்டார். மாறப்பன் அக்கம்பக்கத்துக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“காருமில்ல கீருமில்லீங்க. ஒடச்சுப் போட்ட பூசணிக்காயில முன்சக்கரம் வழுக்கி நானாத்தான் உழுந்தேன். வாட்ச்மேன் பூசணிக்காயில உழுந்தான்னா டீக்கடைல வருசம் பூராச் சொல்லிச் சிரிப்பானுங்க. அதுதான் காருன்னு போட்டேன்.”

“வெள்ளக் காருன்னு சொன்னாங்களே?”

“வெள்ளக் காரு ஒண்ணு போச்சுங்க, நான் சுவத்தோரமாக் கெடக்கறப்ப. அக்கட்டால கெடந்த இன்னொரு காய் மேல ஏறித் தொப்புனு போச்சு. நின்னிருந்தா ஒரு கை குடுத்திருக்கலாம். அந்த மழையில அவனுக்கென்ன தெரியும், பாவம்.”

திருமூர்த்தி கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “அது நாந்தான் மாறப்பா” என்றார்.

மாறப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாந்தாமணியைப் பார்த்தார். பிறகு தேங்காயைப் பார்த்தார். “நீங்களுங்களா? அப்ப நல்லதாப் போச்சு. நேத்துக் குடுக்காத கைய இப்பக் குடுங்க. எந்திரிச்சு ஒண்ணுக்குப் போகோணும், நர்சம்மாவக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாயே நோவுது.”

திருமூர்த்தி கை கொடுத்தார். இருவரும் தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்து போய்த் திரும்பினார்கள். பாரம் முழுவதும் திருமூர்த்தியின் வலக்கையில் இருந்தது. அன்னூர்ப் பயணம் மறுநாள் நடந்தது. மாறப்பனுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. பன்னிரண்டாம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அழைத்து வந்தது திருமூர்த்தியின் வண்டிதான். ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார். காவல் நிலையத்தில் வழக்கு எதுவும் பதிவாகவில்லை. நிற்காமல் போன அந்த வெள்ளைக் காரைப் பற்றி மயில்சாமி இன்றும் பேசுவதுண்டு. திருமூர்த்தி துணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பாரே தவிர, திருத்துவதில்லை.